பிறை கண்டதும் வரும் கூட்டம்

செவ்வாய். நோன்பு 26.
காலையிலிருந்தே வெக்கை. துறைமுகப் பக்கம் காற்றே இல்லை. வேலை: சிநேகிதி றிபானாவின் வெப்சைட்டுக்குச் சுமைச் சோதனை, ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பது. கிண்ணியாவில் அவளுடைய உம்மாவும் அயல் பெண்களும் சமைப்பதைப் பெருநாளுக்கு விற்கும் தளம். போன பெருநாளில் ஆட்கள் கூடியதும் விழுந்துவிட்டது. செய்த வட்டிலப்ப இனிப்பு அத்தனையும் மிச்சம். இந்த முறையும் விழுந்தால் பழையபடி கடைக்காரருக்கே சமைத்துக் கொடுப்போம் என்று உம்மா சொல்லிவிட்டாவாம்.

பொய் ஆட்களை மெல்ல மெல்லக் கூட்டி அனுப்பினேன். தளம் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

புதன். 27.
றிபானா வந்தாள். ஆட்கள் கூடுவதைக் காட்டும் வரைபடக் கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கட ஆக்கள் இப்படி வரிசையில வரமாட்டாங்க. பிறை கண்டாச்செண்டு ரேடியோவில சொன்ன உடன எல்லாரும் ஒண்டாப் பாய்வாங்க."

"எண்டைக்குப் பிறை?"

"வெள்ளி தெரியலாம். தெரியாட்டிச் சனி."

தளத்தை ஓட்டும் சேர்வருக்கு இதை எப்படிச் சொல்வது?

எல்லோரையும் ஒன்றாக விட்டுப் பார்த்தோம். தளம் படுத்துவிட்டது.

வியாழன். 28.
கரண்ட் இரண்டு தரம் போனது. தளம் படுத்த காரணம் பிடிபட்டது. கூட்டம் வந்த பிறகுதான் கிளவுட்டில் சேர்வர்கள் கூடுகின்றன. அதற்குள் தளம் விழுந்துவிடுகிறது. முன்னமே கூட்டி வைக்க வேண்டும். பிறை தெரியும் நேரம் றிபானா நோன்பு திறந்து தொழப் போய்விடுவாள். ஆக, பிறைக்குக் காவல் நான்.

வாங்க: பால்மா, சவர்க்காரம், அம்மாவுக்குத் தைலம்.

உம்மா தளத்தில் விற்கப் பதிந்ததில் ஒரு வட்டிலப்பச் சட்டி குறைகிறது. சமைப்பது இருபது சட்டியாம், தளத்தில் பத்தொன்பது. போன் எடுத்துக் கேட்டேன். "சரியாத்தான் போட்டனான், மகள்." ஓம், ஓம். இவவும் இவவின் கணக்கும்!

வெள்ளி. 29.
பின்னேரம் முகில். பொழுது படமுன்னமே சேர்வர்களைக் கூட்டிவிட்டேன். பிறை இல்லாவிட்டால் நாளையும் கூட்டுவேன், அதற்கென்ன. மடியில் ரேடியோ. துறைமுகத்துக்கு மேலே வானத்தில் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கண்டாச்சு!

பாய்ந்தார்கள். கோடு நெட்டுக்கு ஏறியது. விழவில்லை. விழவே இல்லை!

எனக்கும் ஒரு வட்டிலப்பம் எடுப்போமென்று போனால், "முடிந்துவிட்டது" என்கிறது தளம். எனக்கே இல்லை! சிரித்துக்கொண்டே அழுதேன்.

சனி. பெருநாள்.
வாசலில் றிபானா, புதுச் சல்வாரோடு. பின்னால் உம்மா, துணி கட்டிய சட்டியோடு.

"எல்லாம் வித்துப்போச்செல்லோ உம்மா, இது எங்கால?" என்றேன்.

"இது உங்கட சட்டி, மகள். இத நான் விக்கப் போடவே இல்ல."