கடலில் வெளுத்த காளை

பாய்,

இன்று காலை என் மகள் வாளித் தண்ணீரில் சலவை நீலத்தைக் கரைத்தாள். அது சுருள் சுருளாகப் பரவியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா நைனா, தனியா சிரிச்சிகினு கீற?" என்றாள். சொன்னால் என் மானம் போகும். அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால்காரன் வரமாட்டான் என்பது எனக்கு வசதிதான்.

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நீ நடத்தியே கூட்டிவந்த ஒங்கோல் பசு நம் இருவருக்கும் பொது. திருவொற்றியூரில் என் கொட்டகையில்தான் நிற்கும். ஆனால் ராயபுரத்திலிருந்து நீ வந்து தவிடு வைத்தால்தான் தின்னும். அது ஈன்ற கன்று வளர்ந்து இளங்காளையானதும் துறைமுகத்து வண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள், காயடித்து நுகத்தில் பூட்ட. நீயும் வண்டிக்காரன்தான். ஆனாலும், "இவன் மூட்டை இழுக்கப் பொறந்தவன் இல்ல மாமு, பொலிகாளையா நிக்கணும்" என்றாய். அதற்குச் சுத்த ஒங்கோல் என்று ஏதாவது ஒரு பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நுகத்தடிதான்.

புத்தகம் இரண்டு இருந்தது. பட்டணத்துச் சங்கம் ஒன்றின் புத்தகத்துக்கு விண்ணப்பம் போட்டால் போதும், பொன்னெழுத்துப் பத்திரம் வீடு தேடி வரும். சர்க்கார் புத்தகத்துக்கோ அதிகாரி நேரில் வந்து, தாயைப் பார்த்து, நாடா பிடித்து அளப்பார். வேண்டாமென்று அவர் போய்விட்டால் மறுமுறை கிடையாது. மூன்றாம் பாரத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட எனக்குப் பொன்னெழுத்தின் மேல் தனி மரியாதை. பத்திரத்தை மாட்டச் சுவரில் ஆணியே அடித்துவிட்டேன்.

நீ ஆணியைப் பார்த்தாய். "மாட்டையே பாக்காம எழுதுறவன் நாளிக்கு கய்தையையும் ஒங்கோல்னு எழுதுவான். அந்த புக்குல நம்ப புள்ள இன்னாத்துக்கு?"

சர்க்கார் புத்தகம் என்று முடிவாயிற்று. அதிகாரி வரும் நாளன்று நீ சரக்கு இறக்கிவிட்டு வர நேரமாகிவிட்டது. என் புத்தி சும்மா இருக்குமா? நீலம் போட்டால் வேட்டி பளிச்சென்று இருக்கிறதே, காளை இருக்காதா? இரண்டு வாளி கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் பார்த்தால், படத்துக் கிருஷ்ணர் நிறத்தில் நிற்கிறது!

வந்த அதிகாரி குடையைக்கூட மடக்கவில்லை. "சாயம் பூசின மாட்டை நான் எழுத மாட்டேன். இந்தக் கறுப்பு மூக்கும் கண்மையும்கூட உம்ம கைவேலையா?" என்று திரும்பிவிட்டார். அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். காளையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"கலீஜ் பண்ணிட்டியே மாமு!"

அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டாய். "ஐயா, கடல் தோ எதிர்ல கீது. செத்த நின்னு பாத்துட்டுப் போங்க."

தும்புக்கயிற்றைப் பிடித்து இடுப்பளவு அலையில் இறங்கினாய். வைக்கோலால் நீ தேய்க்கத் தேய்க்க நீலம் வழிந்தது. வெளியே வந்தபோது காளை சங்குபோல் வெளுத்திருந்தது. மூக்கு, கண்ணோரம், வால்குஞ்சம் மட்டும் பிறந்த கறுப்பு. அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்து அந்த மூன்று இடத்தையும் அழுத்தித் துடைத்தார். குட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. குடையை மடக்கினார்! தாயைப் பார்த்தார், அளந்தார், எழுதினார். "சொந்தக்காரர் பேர்?"

"அவரு பேரே போடுங்க ஐயா. நீலம் அவருதுதானே" என்றாய். அதிகாரி சிரித்ததில் கொட்டகைக் காக்கைகள் பறந்தன.

அவன் கடைசிவரை ஒரு மூட்டை இழுக்கவில்லை, பாய். மாத்தூர், எர்ணாவூர் எங்கும் அவன் பிள்ளைகள்தான். பொன்னெழுத்துக்காக நான் அடித்த ஆணியில் அன்று நீ பிடித்த கயிறு தொங்குகிறது. கன்று பார்க்க ஆள் வந்தால் அதன் கழுத்தில் அந்தக் கயிற்றைப் போட்டு நானே கடலில் இறக்கிக் குளிப்பாட்டி, "துடைச்சிப் பாருங்க" என்கிறேன்.

இதுவரை எவன் கைக்குட்டையும் கறுக்கவில்லை.