கல்குலேற்றருக்கு வைத்த பொட்டு

நேற்றுச் சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் உரைத்துக்கொண்டிருந்தபோது அந்த வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய். மகளின் லப்ரொப்புக்கு ஒரு பொட்டு, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு பொட்டு. கடைசியாக, நீ வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையில் தந்த உன் பழைய கல்குலேற்றர். அதற்குப் பொட்டை எந்த இடத்தில் வைப்பதென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் இரண்டு சிநேகிதிகளும் கம்பஸில் புள்ளிவிபரவியல் படித்த காலம். சண்டையால் கரண்ட் இல்லை, ஊருக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. மற்றப் பிள்ளைகள் செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் மட்டும் வெயிலிலேயே ஓடுகிற கல்குலேற்றர் இருந்தது. வெளிநாட்டுக்குப் புறப்பட்ட உன் அண்ணை கொழும்பிலிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பிடிபட்டுவிட்டார் என்றும், கடலில் போய்விட்டார் என்றும் ஊர் கதைத்தது. நீயோ வகுப்பில் யன்னலோரம் இடம்பிடித்து அதை வெயிலுக்குப் பிடித்தபடி இருப்பாய். முகில் மறைத்தால் இலக்கம் மங்கும், கூடவே உன் முகமும் மங்கும். நான் அதற்கும் பகிடி பண்ணுவேன்.

அந்த வருஷப் பூசையில் புத்தகங்களோடு அதையும் வைத்தாய். மேல்விளிம்பில் வெயிலை வாங்குகிற கறுத்தக் கண்ணாடிப் பட்டை இருக்கிறதே, அதுதான் அதற்கு நெற்றி என்று நினைத்தாயோ என்னவோ, பட்டை முழுக்க மறைகிற மாதிரி சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துவிட்டாய். விஜயதசமி காலை எடுத்துப் பொத்தானை அமத்தினால் ஒன்றும் வரவில்லை. முற்றத்து வெயிலிலும் வரவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டாய். கல்குலேற்றருக்காக நீ அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொட்டைத் துடை, வரும் என்றேன். நீ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய்.

"சாமிக்கு முன்னாலை வைச்ச பொட்டு. அதை அழிச்சால் அண்ணைக்குக் கூடாது."

சோதனை வருகிறதே, விசரி என்று நான் ஏசியும் பார்த்தேன். நீ அசையவில்லை. பிறகு என்ன நினைத்தாயோ, செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, காய்ந்த சந்தனத்தை மெல்லக் கரைத்தெடுத்து உன் நெற்றியில் வைத்தாய். மடியில் கிடந்த கல்குலேற்றரில் பூச்சியம் எழும்பியது.

"நான் அழிக்கேல்லை. இடம் மாத்தினனான்" என்றாய், எனக்கில்லை, வேறு யாருக்கோ சொல்வதுபோல.

மாரி முடிந்த பிறகு அண்ணையின் கடிதம் வந்தது. பின்னாளில் கரண்டும் வந்தது, கம்பியூட்டரும் வந்தது. உன் பிள்ளைகள் போனிலேயே கணக்குப் பார்த்தார்கள். நீ மட்டும் வருஷா வருஷம் அந்தப் பட்டையை மறைத்துப் பொட்டு வைத்து, தசமியன்று உன் நெற்றிக்கு மாற்றிக்கொண்டாய். உனக்கு வேறு வேலையில்லையா என்று நான் கேட்காத வருஷமில்லை. இந்த மாசியில் நீ போய்விட்டாய். என்னைத் தனியே விட்டதற்கு உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

இன்று காலை உன் அண்ணை வெளிநாட்டிலிருந்து வீடியோ கோலில் எடுத்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டார். முற்றத்துக்கு வந்து, கல்குலேற்றர் மட்டும் தெரியும்படி போனைச் செம்பில் சாய்த்துவைத்து, விரலை நனைத்தேன். சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது, கழன்று வரச் சுணங்கியது. பிறகு வெயிலில் பூச்சியம் வந்தது. அண்ணை திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"அவள் வைக்கிற பொட்டு. அழிச்சுப்போட்டியோ, பிள்ளை?"

"இல்லை அண்ணை" என்று போனை எடுத்து என் நெற்றிக்கு நேரே திருப்பினேன்.