மைனியிடம் யாரும் சொல்லவில்லை

மைனி,

இன்று காலை பக்கத்து வீட்டு மாடியில் நார்த்தங்காய் காயப்போட்டிருந்தார்கள். உப்பும் புளிப்புமான அந்த வாடை செம்பூரில் என் ஜன்னல் வழியாக வந்ததும் உங்கள் நினைப்பு வந்தது, கூடவே கோபமும். செத்துப்போனவர்களை நினைத்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போலிருக்கிறது.

தாராவியில் நம் ஒற்றை அறையில், கோதுமை டப்பாவுக்குப் பின்னால் ஓர் ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்திருந்தீர்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் தலைப்பிள்ளை, வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா திடீரென்று உங்கள் தட்டில் மட்டும் உப்பில்லாத குழம்பை ஊற்ற ஆரம்பித்திருந்தாள். மாமியாருக்கு என்மேல் என்ன கோபமோ என்று என்னிடம் சிரித்துக்கொண்டே, நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவீர்கள். கால் வீங்கி மெட்டி கழற்ற வரவில்லை. நீர் இறங்குகிறது, நல்லதுதான் என்றீர்கள். தலைவலிக்கு ஸ்டவ் புகையைக் காரணம் சொன்னீர்கள். வேறு எதைச் சொல்வீர்கள்? உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்களைப் பார்த்த மாட்டுங்கா டாக்டர் நம் தமிழ்தான் பேசுவார். பாஷை புரியவில்லை என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. அவர் உங்களை என்னோடு வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, உப்பு ஆகாது, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றாராம். கடைசியாக, அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள், பயந்தால் கொதிப்பு இன்னும் ஏறும் என்றாராம். எல்லாம் முடிந்த பிறகுதான் இது எனக்குத் தெரியும். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவப் பேச்சு எதற்கு என்று என்னிடமும் மறைத்துவிட்டார்கள்.

படித்த டாக்டரும் படிக்காத அம்மாவும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். வாயும் வயிறுமாக இருப்பவள் காதில் கெட்ட சொல் விழக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அண்ணன் ஒருநாள், ஆஸ்பத்திரியில் போய் இருக்கிறாயா என்று பட்டும் படாமலும் கேட்டான். நீங்கள் மிரண்டு போனீர்கள்.

"நோவு ஒண்ணும் இல்லாம அங்க போயி எதுக்குப் படுக்கணும்? முகந்தெரியாத ஆளுக நடுவுல கத்திய வச்சிருவாவ. நான் எங்கம்மைகிட்டதான் பிள்ள பெறுவேன். என்னய ஊருக்கு அனுப்பி வச்சிருங்க."

உங்கள் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் கணக்கில் ஆஸ்பத்திரிதான் ஆபத்து, அம்மா வீடு பத்திரம். அந்தக் கணக்கைத் திருத்தத் தெரிந்த மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது என்று இன்னொரு சட்டம். காரணத்தைச் சொல்லவும் கூடாது, காரணம் சொல்லாமல் தடுக்கவும் கூடாது. என்ன செய்தார்கள்? கை நிறைய வளையல் அடுக்கி, தலை நிறையப் பூ வைத்து, ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தைத் துணை சேர்த்து, மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். உங்களைப் பிரிவதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பிள்ளையோடு வந்துவிடுவேன் என்று நீங்கள் அவளைத் தேற்றினீர்கள்.

ரெய்ச்சூர் தாண்டியதும் உங்களுக்குக் கண் தெரியவில்லையாம். பிறகு வலிப்பு. பெட்டியில் யாரோ ஒரு சாவிக்கொத்தை உங்கள் கையில் திணித்தார்களாம். அடுத்த ஸ்டேஷனில் இறக்கினார்கள். வைத்தியம் பார்க்க அங்கே ஆள் இல்லை. பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது.

"அவ நல்லதுக்குத்தானட்டி சொல்லல" என்று அண்ணன் இன்றும் அழுகிறான். அழட்டும். உங்கள் உயிரைப் பற்றி ஊரே கூடிப் பேசி முடிவெடுத்தது, உங்களைத் தவிர. அதற்கு அன்பு என்று பெயர் வைத்தால் நான் ஏற்கமாட்டேன்.

மைனி, இப்போது நானும் மாசமாக இருக்கிறேன். நேற்று இங்கே லேடி டாக்டர், என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரை நிற்கச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை.

"வயிறு என்னுது. எங்கிட்ட சொல்லுங்க."

அவள் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வேறு வழியில்லாமல் சொன்னாள். எனக்கும் கொதிப்பு ஏறியிருக்கிறது. என்ன ஆகலாம், எதைக் கண்டால் ஓடி வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். திமிர் பிடித்தவள் என்கிறார் என் மாமியார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன்.

பயமாக இருக்கிறது மைனி. சோறு இறங்கவில்லை. ஆனால் என்னை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போவது இந்தப் பயம்தான். இது உங்களுக்கும் சேர வேண்டியதாக இருந்தது, உங்களிடம் கொடுக்காமல் அவர்களே வைத்துக்கொண்டார்கள். என்னுடையதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.