மாமா, வீட்டில் கோதுமையை நிறுத்திவிட்டோம்

எங்களுக்கும் சப்பாத்திக்கும் பிரியமான மாமாவுக்கு,

உங்கள் மருமகள் செல்வி எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் எதிரில் நின்று சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை நான் பேசியதில்லை. "தண்ணி வெச்சிருக்கேன் மாமா", "மாத்திரை மாமா", அவ்வளவுதான். இப்போது நீங்கள் கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கிறீர்கள், குறுக்கே பேச வழியில்லை. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், வீட்டில் கோதுமையை நிறுத்திவிட்டோம்.

கோபப்படாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை வந்த வருஷம் நினைவிருக்கிறதா? புத்தூர் டாக்டர், "அரிசியைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றுதான் சொன்னார். நீங்கள் பஸ் ஏறி நகரியில் இறங்குவதற்குள் அது "இனிமே நம்ம வூட்ல காலைல அரிசியே கூடாது" என்று ஆகிவிட்டது. சர்க்கரை உங்களுக்கு, பத்தியம் எங்கள் எல்லோருக்கும். சப்பாத்தி, கோதுமை ரவை உப்புமா, கோதுமை தோசை, மறுபடியும் சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை பூரி. "சக்கர வியாதிக்குப் பூரி துன்னலாமா நைனா?" என்று உங்கள் பிள்ளை ஒருமுறை கேட்டபோது, "எண்ணெய்ல போட்டா சக்கரெல்லாம் ஓடிப்பூடும்டா" என்றீர்கள். அன்று அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது நான்தான். நீங்கள் நினைத்த மாதிரி பூனை இல்லை.

உங்கள் பிள்ளை எப்படியோ தப்பித்தார். விசைத்தறி ஷெட்டுக்குப் பக்கத்துக் கடையில் தினமும் நாலு இட்லி தின்றுவிட்டு வந்து, வீட்டில் அரைச் சப்பாத்தியோடு "பசியில்ல" என்று எழுந்துவிடுவார். நான் பின்கட்டில் பழைய சோறு. அத்தை மட்டும் மாட்டிக்கொண்டார். உங்கள் தட்டில் என்னவோ அதுதான் அவர் தட்டிலும். "அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு வேலை எதுக்கு?" என்பார். சாப்பிட்டு அரைமணியில் வயிறு உப்பிக்கொள்ளும். நீங்கள் ஓம வாட்டர் வாங்கிவந்து கொடுப்பீர்கள். அன்பாகத்தான் கொடுத்தீர்கள், நான் குற்றம் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு அதோடு முடிந்ததென்று நினைத்தேன். எங்கே! தினமும் காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் இரண்டு சப்பாத்தி வைப்பார். கற்பூரம் அணைகிறவரை உட்கார்ந்திருப்பார். அப்புறம், "அவரு துன்னுட்டாரு" என்று சொல்லி அந்தத் தட்டையே எடுத்து அவர் சாப்பிடுவார். நீங்கள் உண்மையிலேயே ஒன்றைச் சாப்பிட்டிருந்தால் பாதி பாரமாவது குறைந்திருக்கும்.

ஐந்தே மாதத்தில் அத்தை பாதியாகிவிட்டார். ரவிக்கையெல்லாம் தோளிலிருந்து வழிந்தது. துக்கம் என்றார்கள். அப்புறம் குழாயடியில் பேச்சு மாறியது. "மாமனாரு போனதும் போனாரு, மருமக மாமியாருக்குச் சோறே போடறதில்லையாம்." நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். மாமா, இருபது வருஷம் இந்த வீட்டில் ஆக்கிப் போட்ட கை இது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உங்களை அனுப்பிய வருஷத்திலேயே அத்தையையும் அனுப்பிவிடுவோமோ என்ற பயம்.

திருப்பதிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர், அத்தையின் குடலுக்குக் கோதுமையே ஆகாது, பல வருஷமாக இருக்கும் போலிருக்கிறது என்றார். "கோதுமலு பூர்த்திகா மானேயாலி அம்மா." முழுசாக நிறுத்திவிட வேண்டும், ஒரு துணுக்குக்கூடக் கூடாது, சப்பாத்தி போட்ட கல்லில் தோசை ஊற்றினால்கூட ஆகாது.

அத்தை கேட்டார், "எத்தினி நாளைக்கு டாக்டரம்மா?"

"ஆயுசு முழுக்க."

அத்தை என் பக்கம் திரும்பி, "அப்ப அவருக்கு யாரு வைக்கிறது?" என்றார். டாக்டர், வீட்டில் இன்னொரு நோயாளி இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவரையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் பசி. கோதுமை இல்லாத டிபன் என்று யோசித்து யோசித்து, பெசரட்டு என்று முடிவு செய்தேன். பச்சைப்பயறு அரைத்த தோசைதானே, அதில் என்ன வரப்போகிறது? பாதி சாப்பிட்ட பிறகுதான் உள்ளே மடித்து வைத்திருந்த உப்புமா கண்ணில் பட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "ரவைதானே, துன்னுங்க அத்த" என்று சொன்னவள் இந்த மகாபுத்திசாலிதான்.

அடுத்த பத்து நாள் நான் செய்ததைக் கேட்டால் சுவரிலிருந்து இறங்கி வந்துவிடுவீர்கள். கோதுமைதானே வேண்டாம் என்றார்கள்? ரவா இட்லி செய்தேன். சேமியா உப்புமா செய்தேன். ஒருநாள் பாவம் என்று மைதாவில் கரைத்த தோசைகூட ஊற்றினேன். "ரவைன்னா ரவை. அது எப்படி கோதுமை ஆவும்?" என்று உங்கள் பிள்ளை வேறு தீர்ப்புச் சொன்னார். மளிகைக் கடைக்காரர்தான் சிரித்தார். "அக்கா, ரவை, மைதா, சேமியா எல்லாம் அந்தக் கோதுமை பெத்த பிள்ளைங்கதான்." கடையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வெறி வந்துவிட்டது. புது தோசைக்கல், புது சல்லடை. வீட்டிலிருந்த கோதுமை மாவெல்லாம் பின்கட்டு அலமாரிக்குப் போயிற்று. காலையில் எழுந்தால் இட்லி, இல்லையென்றால் கம்பு அடை, ராகி தோசை, சாமைப் பொங்கல், அவல் உப்புமா. பொரியை நனைத்துப் பிழிந்து வெங்காயம் தாளித்துப் போட்டால் அதுவும் ஒரு உப்புமா. புழுங்கலரிசி ஊறவைத்து அரைத்து இடியாப்பம் பிழிந்தேன், கையை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. குழாயடியில் யாராவது கேட்காவிட்டாலும், "இன்னிக்கு எங்க அத்தைக்குக் கம்பு அடை" என்று நானே சத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன். தன் தட்டில் என்ன விழுந்தாலும் உங்கள் தட்டில் சப்பாத்திதான் இருக்கவேண்டும் என்றார் அத்தை. சரி, உங்களுடையதைப் பின்கட்டில் தனியாகச் சுட்டு, படைத்ததும் எடுத்து நானே தின்று தீர்த்தேன். உங்கள் மருமகள் இப்போது சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்.

அவ்வளவும் செய்து அத்தை தேறினாரா என்று கேளுங்கள். இல்லை! அதே உப்பல், அதே மெலிவு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. திருட்டுத்தனமாகச் சப்பாத்தி தின்கிறார்.

மாமா, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாவு டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மாவு கோட்டுக்குக் கீழே இருந்தது. அது நானே உங்களுக்குச் சுட்டது என்பதுகூட அந்தக் கோபத்தில் மறந்துபோயிற்று. டப்பாவைக் கொண்டுபோய் அத்தை முன்னால் டங்கென்று வைத்தேன்.

"என்னை ஊரே ஏசிக்கினு இருக்கிது. நீங்க ஒளிச்சி ஒளிச்சி துன்னுக்கினு இருக்கீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். "நான் துன்னல செல்வி." அவ்வளவுதான் சொன்னார். சண்டையாவது போட்டிருக்கலாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான் வைத்ததை மட்டும் பேசாமல் சாப்பிட்டார்.

இரண்டாம் முறை திருப்பதி போனபோது, சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர், சமையலில் போடுகிற பொடி, மசாலா எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனேன். மிளகாய்த்தூளைப் பார்த்தார், சரி. மஞ்சளைப் பார்த்தார், சரி. பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். விரலை வைத்து என்னிடம் காட்டினார்.

"பாரும்மா, இதுல கோதும பிண்டி கலந்திருக்கு."

பெருங்காயத்தில் கோதுமை மாவு! சாம்பாரில், பொங்கலில், அடையில், மோரில், தாளிக்கிற ஒவ்வொரு சட்டினியிலும். அதுவும் நான் எவ்வளவு போட்டேன் தெரியுமா? அத்தைக்கு வயிறு உப்புகிறதே, வாயுவுக்கு நல்லதென்று, எல்லோரும் ஒரு சிட்டிகை போடுகிற இடத்தில் அரை ஸ்பூன் போட்டேன். நோய்க்கு நோயையே மருந்தாக மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் புத்தூர் தாண்டியது. அப்புறம், "அத்த, என்னை மன்னிச்சிடுங்க, நீங்க துன்னல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தை என் பக்கம் திரும்பினார். "போவட்டும் வுடு. மாமியாரு மருமகள சந்தேகப்பட்டா ஊருக்குப் பழசு. நம்ம வூட்ல புதுசா இருக்கட்டும்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெருங்காயம் போனது, பூண்டு வந்தது. ஒரு மாதத்தில் அத்தை முகத்தில் ரத்தம் தெரிந்தது.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. வாழையிலை போட்டு உங்களுக்குப் பிடித்த பூரி, உருளைக்கிழங்கு. காக்காவுக்கு வைத்தாயிற்று. இனி உங்கள் இலையில் படைத்ததை அத்தைதான் முதலில் எடுத்து வாயில் போடவேண்டும். அதுதானே நம் வழக்கம்? நான் ஒரு வாரமாக அதை நினைத்துத் தூங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய உடம்பு ஒரு பூரியில் மறுபடி கவிழ்ந்துவிட்டால்? அத்தையிடம் முன்கூட்டியே கேட்கவும் பயமாக இருந்தது. ஒரு தடவை சந்தேகப்பட்டது போதாதா?

உங்கள் தங்கை வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு துண்டு துன்னா இன்னா ஆவப்போவுது அண்ணி? அண்ணன் மனசு ஆற வேணாமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். குழாயடி ஆட்களும் இருந்தார்கள். அத்தை பூரியை எடுத்தார். விண்டார். எனக்கு உயிரே இல்லை.

அப்புறம் உங்கள் தங்கையின் கையைப் பிடித்து அதை உள்ளங்கையில் வைத்தார். "உங்க அண்ணன் மனசு ஆறணும் இல்ல? நீ துன்னு. கூடப் பொறந்தவ துன்னாலும் அவரு துன்ன மாதிரிதான்."

எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, உங்கள் படத்துக்கு நேராக உட்கார்ந்தார். "இத்தினி வருசம் உன் வாய்க்குத்தான்யா துன்னேன். இனிமே என் வாய்க்குத் துன்றேன். கோச்சிக்காத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "செல்வி, எனக்கு ராகி தோசை ஊத்து. மெல்லிசா, முறுவலா. ரெண்டு" என்றார்.

மாமா, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன். முதல் தோசை கருகிவிட்டது. அதை நான் தின்றேன். அவருக்கு மூன்றாக ஊற்றிப் போட்டேன். மூன்றையும் சாப்பிட்டார். உங்கள் தங்கை பூரி ஏழு.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிற தட்டில் அத்தை அன்று ஆசைப்பட்டுக் கேட்டது எதுவோ அதுதான் இருக்கும். கம்பு அடை என்றால் கம்பு அடை, பொரி உப்புமா என்றால் பொரி உப்புமா. உங்களுக்கென்று இரண்டு வேலை செய்யமாட்டேன். இத்தனை வருஷம் அத்தை உங்கள் தட்டில் சாப்பிட்டார், இனி நீங்கள் அவர் தட்டில் சாப்பிடுங்கள். முகம் சுளிக்காமல்.

இப்படிக்கு,
இப்போதுதான் உங்களோடு பேசப் பழகியிருக்கும்
உங்கள் மருமகள் செல்வி