செல்வியின் பங்குக்கு யார் சாட்சி

ஜூன் 3
போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எழுத்து தெரியாத எனக்கு இது போதும்.

மார்ட்டின் இன்றைக்கும் உயில் பேச்சை எடுத்தான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டூட்டி முடிந்து நேரே வந்து, "பா, உங்க காலத்துக்கப்புறம் நானும் ஞானசெல்வியும் கோர்ட்டுக்கு அலையக் கூடாது." தங்கச்சி மேல் இத்தனை அக்கறை எப்போதிருந்து? அவள் கல்யாணத்துக்குப் படகை விற்றபோது சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தவன். நான் மறக்கவில்லை.

ஜூன் 6
கைரேகை வைத்தால் அன்றைக்கே வீடு கைமாறுமா? கேட்டேன். "நீங்க இருக்கிற வரைக்கும் உங்களுதுதான்பா. மனசு மாறினா உயிலையும் மாத்தலாம்." பதில் சட்டென்று வந்தது. பாடம் பண்ணி வைத்திருக்கிறான்.

ஜூன் 10
சாட்சிக்கு வெளி ஆட்கள்தான் வேணுமாம். செல்வியும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கமே வரக் கூடாதாம். ஏன்? "வக்கீல் சொல்றார்." வக்கீல் இவன் பிடித்த ஆள்!

மருமகள் ஷெர்லின் சிரிக்கிறாள்: "மாமா கடல்ல இறங்கறப்பவே தண்ணி உப்பான்னு கேட்டுட்டுத்தான் இறங்குவாரு." சிரிக்கட்டும்.

ஜூன் 12
மழை. வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

ஜூன் 14
முடித்துவிட்டேன். மார்ட்டின் டூட்டிக்குப் போனதும் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி, அக்கரை பாம்பூஃப்ளாட்டில் செல்வி வீடு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டைப் அடிக்கிறவனிடம் போனேன். மின்னி பேயில் நாங்கள் இருக்கிற வீட்டில் கீழ்ப்பகுதி செல்விக்கு. மிச்சம் எதுவானாலும் மார்ட்டினுக்கு. "அங்கூட்டா லகாவ், சாச்சா" என்றான். கட்டைவிரலை அழுத்தினேன். ஒரு சாட்சி மாப்பிள்ளை, இன்னொன்று பக்கத்துக் கடைக்காரன். வீட்டு ஆள் இருக்கும்போது மார்ட்டினின் ஆட்கள் எதற்கு?

ஜூன் 19
பெட்டியில் துணி அடுக்கும்போது ஷெர்லின் கையில் உயில் சிக்கிவிட்டது. மார்ட்டின் நின்றபடியே படித்தான்.

"இது செல்லாதுப்பா."

வந்துட்டான் வழிக்கு! "ஏண்டா, தங்கச்சிக்குக் கொடுத்ததாலயா?"

"உயில் செல்லும். செல்வி பங்குதான் செல்லாது. நம்ம கிறிஸ்தவங்களுக்குச் சட்டம் அப்படி. சாட்சி போட்டவரோட பொண்டாட்டிக்கு எழுதினது நிக்காது. அதான் மாப்பிள்ளை வேணாம்னு கத்தினேன். இப்போ அவ பங்கும் மிச்சத்தோட சேர்ந்து எனக்கே வந்துடும்."

நம்பவில்லை.

ஜூன் 20
இவனுக்குத் தெரியாத வேறொரு வக்கீலிடம் போனேன். "பேட்டா சஹி போலா, அங்கிள்." மகன் சொன்னது சரிதானாம்.

அப்போ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாலே எல்லாம் அவனுக்கு. ஏன் சொன்னான்? என்ன லாபம் அவனுக்கு? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தேடினேன். ஒண்ணும் அகப்படல.

ஜூன் 24
புது உயில், பங்குகள் பழையபடியே. சர்ச் வாட்ச்மேனும் மளிகைக்கடை தாஸ் பாபுவும் சாட்சி. மார்ட்டின் வெளியே தூறலில் நின்றான், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "நீங்க போனப்புறம் இதை நடத்திவைக்க யார் பேரைப் போடணும்?" என்று வக்கீல் கேட்டார். வெளியே நனைகிறவன் பேரைச் சொன்னேன்.

யார் பேர் சொன்னேன் என்று வரும்போது அவன் கேட்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.