மெயில் ஐடி கொடுத்தது நான்தான்

சுனிதா,

மீன்குழம்பு சட்டியில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு.

நேற்று நீ, "மெயிலைத் திறந்தா பூரா கச்சரா, குப்பை மெயிலா வருது! என் ஐடியை யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கத்தினாய். ஜெப்ரி, "சத்தியமா நான் இல்ல" என்றான். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

கொடுத்தது நான்தான். ஒரு வெளிநாட்டு விதவை என் மெயிலுக்கு எழுதியிருந்தாள்: "எனக்குப் புற்றுநோய். எனக்காக ஜெபிக்க இன்னொரு நல்ல ஆத்மாவின் விலாசம் தாருங்கள்." எனக்கு உன் நினைவுதான் வந்தது.

காலையில் ஜெப்ரியிடம் சொன்னேன். "அம்மா, அப்படி ஒருத்தியே கிடையாது" என்று சிரிக்கிறான். மூன்று வாரமாக ஜெபக்கூட்டத்தையே அவளுக்காக முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். ஜெபப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லத்தான் இப்போது மாதா கோவிலுக்குப் போகிறேன்.

அத்தை

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பூமாரியிடம் கொடு.

நீயும் சிரித்துவிடாதே. திட்டிவிடு.