கையை விட்டால் இடப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

நல்ல வெயில். ஒன்பது மணிக்கே ஸ்டியரிங் தொட முடியாத சூடு. இன்று இரண்டு டிரைவிங் பாடம்தான். காலையில் டாக்டர் வீட்டு அம்மா, மாலையில் சரோஜா.

கார் மேலிருக்கும் லேனர்ஸ் போர்டில் "பெண்களுக்கு மட்டும்" வெளுத்துப் போய்விட்டது. மிச்சமிருக்கும் மஞ்சள் பெயின்ட்டால் திருப்பி எழுத வேண்டும். ஆயுத பூஜைக்குக் கார் டயர்களுக்குப் பொட்டு வைத்த அதே டப்பா. டாக்டரம்மா இன்றுதான் கவனித்தார். "காருக்கும் பொட்டோ மிஸ்?" குங்குமம் மாத்தளை மழைக்கு ஒரு நாள் தாங்காது, பெயின்ட் வருஷம் தாங்கும் என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

கார் சரியில்லை. நேற்றுத்தான் வீல் எலைன்மன்ட் செய்து எடுத்தது. முன் டயர் உள்பக்கமாகத் தேய்கிறதே என்று கொண்டு போனேன். அதுவரை நேராகத்தான் ஓடியது. இன்று கையைத் தளர்த்தினால் இடப்பக்கம் ஒதுங்குகிறது. மருந்து குடித்த பிறகு வந்த காய்ச்சல்.

சரோஜாவிடம் சொல்லவில்லை. லைசன்ஸ் ட்ரயல் 14ஆம் திகதி. பாஸானால் டவுனில் மாதர் சங்கத்து வேன் ஓட்டும் வேலை, அவளுக்காக மாத முடிவு வரைதான் வைத்திருப்பார்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு பஸ் பிடித்து வருகிறவளை எதற்குப் பயமுறுத்த?

(வியாழன் சேர்த்தது: சொல்லியிருக்க வேண்டும்.)

மார்ச் 6, வியாழன்

மாலை தூறல். எழுத்து கோணல்.

இரத்தோட்டை ரோட்டு ஆர்மி செக்பொயின்ட். ஆறரை மணி, சரோஜா ஓட்டினாள். பொழுது சாய்ந்தால் அங்கே விதி எல்லோருக்கும் தெரியும்: ஹெட்லைட்டை அணை, உள்லைட்டைப் போடு, மெதுவாகப் போய்க் கோட்டில் நில். உள்லைட்டைப் போட ச. ஒரு கையை எடுத்தாள். அவ்வளவுதான். கார் இடப்பக்கம், மண்மூட்டைக் காவலரணை நோக்கி. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். மூட்டைக்கு முன்னால் இருந்த தார்ப் பீப்பாயில் இடித்து நின்றது.

கண்ணாடிக்கு நேரே துப்பாக்கி. "பஹின்ன!" இறங்கினோம். பொனெட்டில் கை வைத்து அரை மணி நேரம். அடையாள அட்டை, கார் டிக்கி, சீட்டுக்கு அடி, என் கைப்பை, அதற்குள் இருந்த வெங்காயம் எல்லாம் பார்த்தார்கள். துப்பாக்கி நீட்டியவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். அவனும் பயந்திருந்தான், அதுதான் எனக்கு அதிக பயம்.

ஓட்டத் தெரியாதவளை ஏன் ரோட்டுக்குக் கொண்டு வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். பிழை காரில், அவளில் இல்லை என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றான்.

பஸ் ஸ்டாண்ட் வரை நான் ஓட்டினேன். இறங்கும்போது ச.:

"என் கைதாங்க மிஸ் பிழை. பொட்டச்சிக்கு எதுக்கு ஸ்டியரிங்னு அண்ணன் சொன்னது சரிதான். நான் ட்ரயலுக்கு வரலீங்க."

பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பாதி என் மேலேயே.

மார்ச் 7, வெள்ளி

பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டு எலைன்மன்ட் கடைக்கு. முதலாளி பேப்பரை எடுத்து நீட்டினார்.

"பாருங்க டீச்சரம்மா, எல்லாம் பச்ச. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"கார் வேற சொல்லுதே."

"நம்ம ரோடெல்லாம் தண்ணி ஓட இடப்பக்கம் சரிவுங்க. எல்லா வண்டியும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆம்பளைங்க கைக்குத் தெரியாது. உங்க வண்டிய ஓட்டுறது பொம்பளப் புள்ளைங்க, அதான்."

கடையில் நின்ற இரண்டு வேன்காரர்கள் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷமாக இந்த மாவட்டத்து வளைவெல்லாம் ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாத சரிவா? வாயில் கிராம்பு, அதனால் தப்பினார்.

பார்க்க வேண்டியவை:
காற்று. (நாலிலும் ஒரே அளவு. பார்த்தாயிற்று.)
பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? (ஓட்டிவிட்டு வீலைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு.)
ரோட்டுச் சரிவா? சமதரை தேடு.
டயர்.
தேங்காய், டோர்ச் பெட்டரி, பல் டாக்டர்.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். பல் கொஞ்சம் பரவாயில்லை.

ச.வுக்குப் போன் போட்டேன். வரமாட்டாளாம். "ஓட்ட வேண்டாம், அடி எண்ண மட்டும் வா" என்றேன். வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பள்ளிக்கூட மைதானம். காவலுக்கு இருந்த வோச்சரிடம் சொல்லி கேட்டைத் திறந்தோம். சுண்ணாம்பால் நேர்கோடு போட்டோம். நான் கோட்டின் மேல் ஓட்டிக் கையை விட்டேன், ச. அளந்தாள்.

போகும்போது: இடப்பக்கம் ஆறு அடி.
திருப்பிக்கொண்டு வரும்போது: அதுவும் இடப்பக்கம், ஆறு அடி.
மறுபடி: ஆறு, ஆறரை.

தரைதான் சரிவென்றால் திரும்பி வரும்போது வலப்பக்கம் அல்லவா போக வேண்டும்? ரோட்டுச் சரிவாம், ரோட்டுச் சரிவு!

"கைய விட்டாலும் போவுதே மிஸ்" என்றாள் ச. மெதுவாக.

"அதைத்தான் சொல்கிறேன். கையே இல்லை. பிறகு யார் கை பிழை?"

ச. காரைச் சுற்றி நடந்தாள். முன் இடப்பக்க வீலுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"இதுல பொட்டு இல்லீங்களே மிஸ்."

போய்ப் பார்த்தேன். இல்லை. மற்ற மூன்றிலும், ஸ்பெயார் டயரிலும் இருக்கிறது. பூஜைக்கு ஐந்துக்கும் வைத்தவள் நான். பிறகு டிசம்பரில் உக்குவளையில் பின் இடப்பக்க டயர் வெடித்து, அதற்குப் பதில் ஒரு ரீபில்ட் போட்டேன், பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது. பொட்டில்லாத டயர் அது ஒன்றுதான். அது இருக்க வேண்டிய இடம் பின்னால். முன்னால் எப்படி வந்தது? கடையில் மாற்றியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கேயே முன் வீல் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். மாட்டேன். அந்தக் கடை வாசலில்தான் மாற்றுவேன். என் கணக்கு பிழைத்தால் ஊர் சிரிக்கும். ஏற்கெனவே சிரிக்கிறதுதானே.

மார்ச் 10, திங்கள்

கடை வாசல், பத்து மணி. ச. வேலைக்கு லீவு போட்டு வந்தாள். ஜெக் அடித்தது அவள், நட் கழற்றியது நான். சேலை முந்தானையெல்லாம் கிரீஸ்.

"விடுங்க டீச்சரம்மா, எங்க ஆள் செய்வான்."

"உங்க ஆள் செஞ்சதுதான் இவ்வளவும்."

முன் இடது வலமாக, வலது இடமாக. வேறொன்றும் தொடவில்லை. முதலாளியைப் பின் சீட்டில் ஏற்றினேன். ஸ்டியரிங்கில் ச. முதலில் மாட்டேன் என்றாள், பிறகு உட்கார்ந்தாள். கண்டி ரோட்டு நேர்த் துண்டில் கையைத் தூக்கு என்றேன். தூக்கினாள்.

கார் வலப்பக்கம் போனது!

"என்ன முதலாளி, வெள்ளிக்கிழமை இடப்பக்கம் சரிஞ்சிருந்த ரோடு இன்னைக்கு வலப்பக்கம் சரிஞ்சிருச்சா?"

கடைக்குத் திருப்பச் சொன்னார். அங்கேதான் உண்மை வந்தது. முன் டயர் தேய்ந்திருக்கிறது என்று அவர் ஆள் பின் டயர்களை முன்னால் போட்டானாம், நல்லெண்ணத்தில். ரீபில்ட்டைக் கழற்றித் தடவிப் பார்த்தார். ரப்பர் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. பின்னால் இருந்தவரை தெரியவில்லை, முன்னால் வந்ததும் இழுத்திருக்கிறது.

"எலைன்மன்ட் சரிதாங்க டீச்சரம்மா, அத ஒத்துக்குங்க."

ஒத்துக்கொண்டேன், அது நியாயம். எலைன்மன்ட் சரி, டயர் பிழை. ஆனால் மற்றதையும் சொல்லுங்கள் என்றேன். எது என்றார். ச.வைக் காட்டினேன். அதே வேன்காரர்கள் நின்றார்கள், நல்லதாகப் போயிற்று.

"தங்கச்சி, உன் கையில பிழ இல்லம்மா."

ரீபில்ட் இப்போது டிக்கியில். ஸ்பெயார் டயர் முன்னால், பொட்டோடு. கையை விட்டால் நேர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சும்மா சும்மா கையை விட்டுப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

மத்தியானத்துக்கு மேல் இடி, மழை இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று.

புதுத் தொல்லை. கார் நேர், ச. கோணல். செவ்வாயும் வியாழனும் இடப்பக்கம் இழுத்த காரை வலப்பக்கம் பிடித்துப் பிடித்தே பழகிவிட்ட கை. இப்போது நேரான காரை அவளே வலப்பக்கம் கொண்டு போகிறாள். ட்ரயலுக்கு இரண்டு நாள்.

"பாத்தீங்களா மிஸ், இப்ப என் கைதான்."

"இல்லை. இழுத்தவனை எதிர்த்துப் பிடித்த கை. இழுப்பு போனது அதற்கு இன்னும் தெரியவில்லை."

இரண்டு விரலால் மட்டும் பிடி என்றேன். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டில் நாற்பது தடவை. கடைசிப் பத்து தடவை கோட்டை விட்டு விலகவில்லை. செக்பொயின்ட் பக்கம் போவோமா என்று கேட்டேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று.

மார்ச் 14, வெள்ளி

காலை மப்பும் மந்தாரமும். ட்ரயல் எட்டரைக்கு. பரீட்சகர் சிடுமூஞ்சி. ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, டவுன் சுற்று.

ச. பாஸ்.

அழுதாள். நானும்தான். இரண்டு ரோல்ஸ், பிளேன்டீ.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றாள். தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போவோம், எந்த வழி என்று நீயே சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரத்தோட்டை ரோட்டிலேயே திருப்பினாள்.

செக்பொயின்ட். பட்டப்பகல், பின்னால் பஸ் வரிசை. அன்று துப்பாக்கி நீட்டிய அதே பெடியன். பீப்பாயில் எங்கள் காரின் பச்சை பெயின்ட் கீறல் இன்னும் இருக்கிறது. தூரத்திலேயே போ போ என்று கை காட்டினான். ச. போகவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு கையை எடுத்து, பகல் வெளிச்சத்தில் உள்லைட்டைப் போட்டு, உருட்டிக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினாள். மண்மூட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம்.

அவன் குனிந்து பார்த்தான், முதலில் அவளை, பிறகு கீழே முன் வீலை. பின்னால் பஸ் ஹோன் அடித்தது.

"போகச் சொல்லிட்டானே, ஏன் நிப்பாட்டினாய்?"

"அன்னைக்கு நீங்க, இன்னைக்கு நாந்தாங்க நிப்பாட்டினேன் மிஸ். அவரு பாக்கணும்."